இரட்டையர் ஆட்டக்காரர் அரை ஆட்டக்காரர் அல்ல

பாட்மின்டன் ரசிகர்களிடம் நெடுங்காலமாக ஒரு எண்ணம் ஊறிக் கிடக்கிறது. திறமை உள்ளவர் ஒற்றையர் ஆடுவார், அதில் தேறாதவர் இரட்டையருக்குப் போவார். அங்கே உலகப் பட்டமே வென்றாலும் அதில் பாதி உடன் ஆடியவருக்குச் சேர்ந்துவிடும், ஆகவே அவருடைய சொந்தத் திறமை எவ்வளவு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. யாரும் இதை மேடையேறிப் பேசுவதில்லை. ஆனால் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கம் எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு இடம் ஒதுக்குகிறது, பிள்ளையைப் பயிற்சிக்குச் சேர்க்கும் பெற்றோர் எதைக் கேட்கிறார்கள், பரிசுத்தொகை எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பார்த்தால் இந்த எண்ணம் தெரிந்துவிடும். இந்தியாவில் இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1980-இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற பிரகாஷ் படுகோன், 2001-இல் அதை வென்ற கோபிசந்த், பிறகு சாய்னா, சிந்து என்று நாம் கொண்டாடிய எல்லோரும் ஒற்றையர் ஆட்டக்காரர்கள். கண்ட பழக்கத்தையே ஆட்டத்தின் இயல்பு என்று எடுத்துக்கொண்டோம்.

இந்த எண்ணத்தில் இரண்டு வாதங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, இரட்டையருக்கு யார் போகிறார்கள் என்பது பற்றியது. மற்றொன்று, அங்கே கிடைக்கும் வெற்றி யாருடையது என்பது பற்றியது. இரண்டும் தவறு. அதை நிறுவ இந்தோனேசியாவின் ஆடவர் இரட்டையர் ஆட்டக்காரர் ஹெந்திரா செத்தியவானின் ஆட்ட வாழ்க்கை ஒன்றே பெருமளவு போதும். மத்திய ஜாவாவின் பெமாலாங்கில் 1984-இல் பிறந்தவர். 2007, 2013, 2015, 2019 என நான்கு முறை உலக சாம்பியன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம். 2010-இலும் 2014-இலும் ஆசிய விளையாட்டுத் தங்கம். 2014-இலும் 2019-இலும் ஆல் இங்கிலாந்து. நாற்பது வயதைத் தாண்டி, 2025 ஜனவரியில் ஜகார்த்தாவில் விடைபெற்றார். இத்தனை வென்றவரை ஆட்டத்தின் மகத்தானவர்களின் பட்டியலில் எழுதும்போது நம்மவர்கள் லின் டான், லீ சோங் வெய், தௌஃபிக் ஹிதாயத் என்று ஒற்றையர் ஆட்டக்காரர்களோடு முடித்துவிட்டு, பிறகு நினைவு வந்தால்தான் இவர் பெயரைச் சேர்க்கிறார்கள்.

முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். இரட்டையர் என்பது ஒற்றையரில் தோற்றவர்களின் புகலிடம் என்றால், பாட்மின்டனை உயிர்மூச்சாகக் கொண்ட ஒரு நாட்டில் அது கண்கூடாகத் தெரிய வேண்டும். இந்தோனேசியா அப்படிப்பட்ட நாடு. 2024 பாரிஸுக்கு முன்பு வரை அது வென்ற ஒலிம்பிக் தங்கங்கள் எட்டும் பாட்மின்டனில் வந்தவை. அவற்றில் ஒற்றையர் தங்கம் மூன்று: 1992-இல் சூசி சுசாந்தி, அதே ஆண்டு ஆலன் புடிகுசுமா, 2004-இல் தௌஃபிக். எஞ்சிய ஐந்தும் இரட்டையர். 1996-இல் ரிக்கி சுபாக்ஜாவும் ரெக்ஸி மைனாக்கியும், 2000-இல் சந்திரா விஜயாவும் டோனி குணவானும், 2008-இல் மார்க்கிஸ் கிடோவும் ஹெந்திராவும், 2016-இல் கலப்பு இரட்டையரில் தொந்தோவி அஹ்மதும் லிலியானா நாத்சிரும், டோக்கியோவில் கிரேசியா பொலியும் அப்ரியானி ரஹாயுவும் வென்றார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு நாட்டின் பெரும்பான்மைத் தங்கத்தை மிச்சம் மீதியானவர்களே கொண்டுவந்தார்கள் என்று நம்புவது கடினம். அங்கே இரட்டையர் என்பது இளம் வயதிலேயே தேர்ந்தெடுத்து, அதற்கென்றே பயிற்சியாளர் வைத்து, பல ஆண்டுகள் கற்றுத்தரும் தனிக்கலை.

இந்தியாவில் அப்படி இல்லையே என்பார்கள். உண்மைதான், ஒற்றையரில் பின்தங்கிய பிறகு இரட்டையருக்கு நகர்ந்தவர்கள் இங்கே உண்டு. ஆனால் இதில் காரணமும் விளைவும் இடம் மாறிக் கிடக்கின்றன. இரட்டையருக்கென்று பயிற்சியாளர் இல்லாத இடத்தில், அதை விரும்பி எடுக்கும் பிள்ளைக்கு வழி இல்லை. வழி இல்லாத இடத்துக்கு வேறு வழி அற்றவர்கள் மட்டுமே வருவார்கள். பிறகு அவர்களைக் காட்டி, 'பாருங்கள், இங்கே வருகிறவர்கள் இவ்வளவுதான்' என்கிறோம். மலேசியாவின் டான் கிம் ஹெர் 2015-இல் இந்திய அணிக்கு இரட்டையர் பயிற்சியாளராக வந்து, அமலாபுரத்து சாத்விக்சாய்ராஜையும் மும்பையின் சிராக் ஷெட்டியையும் ஒன்றாக நிறுத்தினார். இருவருமே பின்களத்திலிருந்து அடித்து ஆடிப் பழகியவர்கள், ஆகவே அந்தச் சேர்க்கை முதலில் பலருக்குப் புரியவில்லை. 2023-இல் அவர்கள்தான் பாட்மின்டனில் இந்தியாவின் முதல் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றார்கள், உலகத் தரவரிசையில் முதலிடத்தையும் தொட்டார்கள். அதற்கும் முன்னால், 1983-இல் படுகோன் வென்ற உலக சாம்பியன்ஷிப் வெண்கலத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அந்தப் போட்டியில் அடுத்த பதக்கம் 2011-இல் வந்தது; கொண்டுவந்தவர்கள் ஜ்வாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும். இரட்டையர் புறக்கணிக்கப்படுவதாக ஜ்வாலா வெளிப்படையாகப் பேசியபோது, அதை ஒரு கோபக்காரரின் புலம்பலாகவே பெரும்பாலோர் கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவது வாதம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. சரி, இரட்டையரும் கடினமான ஆட்டம்தான், ஆனால் அதில் தனி ஒருவரை எப்படி மதிப்பிடுவது என்று அது கேட்கிறது. ஜோடியில் யார் சுமந்தார், யாரைச் சுமந்தார்கள் என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. விடை கிடைக்க ஒரு சோதனை உண்டு: துணையை மாற்றிப் பார்ப்பது. ஹெந்திராவின் வாழ்க்கையே அந்தச் சோதனையாக அமைந்துவிட்டது. கிடோவுடன் 2007-இல் கோலாலம்பூரில் கொரியாவின் ஜுங் ஜே சுங், லீ யோங் டே ஜோடியை நேர் கேம்களில் வென்று உலகப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பெய்ஜிங்கில், சொந்த மண்ணில் ஆடிய சாய் யுன், ஃபூ ஹைஃபெங் ஜோடியிடம் முதல் கேமை 12-21 என்று இழந்தபின், 21-11, 21-16 என்று திருப்பி ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு அந்த ஜோடியால் தகுதி பெற முடியவில்லை. அத்தோடு முடிந்தது என்று நினைக்க எல்லா முகாந்திரமும் இருந்தது. ஆனால் ஹெந்திரா முகமது அஹ்சானுடன் சேர்ந்தார். சேர்ந்த முதல் முழு ஆண்டான 2013-இலேயே குவாங்சோவில் மீண்டும் உலக சாம்பியன். அஹ்சான் அதுவரை ஆடியது கிடோவின் தம்பி போனா செப்தானோவுடன். அந்த ஜோடிக்கு 2011-இல் உலக வெண்கலம் கிடைத்தது, தங்கம் எட்டவில்லை. ஹெந்திரா பக்கத்தில் வந்து நின்றதும் எட்டியது. கிடோவும் ஹெந்திரா இல்லாமல் இன்னொரு உலகப் பட்டம் வெல்லவில்லை. மாறியவர்கள் துணைகள், மாறாமல் நின்றவர் ஒருவர். இதை வைத்து அஹ்சானையோ கிடோவையோ குறைத்துப் பேச முடியாது. ஆனால் 'யாருடைய வெற்றி என்று தெரியாது' என்ற வாதம் இந்த இடத்தில் நொறுங்கிவிடுகிறது.

ஹெந்திரா ஒரு விதிவிலக்கு என்று தள்ளிவிடுவோருக்கு டோனி குணவானை நினைவூட்ட வேண்டும். சந்திரா விஜயாவுடன் சிட்னி ஒலிம்பிக் தங்கம். மறு ஆண்டு ஹாலிம் ஹரியாந்தோவுடன் செவில்லேயில் உலகப் பட்டம். பிறகு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, பாட்மின்டனில் அப்போது பேர் சொல்ல எதுவும் இல்லாத அந்த நாட்டின் ஹோவர்ட் பாக்குடன் சேர்ந்து, 2005-இல் அனஹைமில் மீண்டும் உலக சாம்பியன் ஆனார். இறுதியில் அவர்கள் தோற்கடித்தது சிகித் புடியார்த்தோவையும், டோனியோடு ஒலிம்பிக் வென்ற அதே சந்திராவையும். பாட்மின்டனில் அமெரிக்கா வென்ற ஒரே உலகப் பட்டம் அதுதான். சீனாவிலும் சான்று உண்டு. ஃபூ ஹைஃபெங் 2012-இல் சாய் யுன்னோடும் 2016-இல் ஜாங் நானோடும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஜாங் நான் அதற்கு முன்னரே, 2012 லண்டனில், கலப்பு இரட்டையரில் தங்கம் வென்றவர். அவருடைய கலப்புத் துணையான சாவ் யுன்லேய் அதே லண்டன் ஒலிம்பிக்கில் தியான் சிங்கோடு மகளிர் இரட்டையர் தங்கத்தையும் சேர்த்து எடுத்துப்போனார். துணை மாறினாலும், ஆட்டப் பிரிவே மாறினாலும் கூடவே வரும் ஒன்று இவர்களிடம் இருக்கிறது. பாலக்காடு மணி ஐயர் எத்தனையோ பாடகர்களுக்கு வாசித்தார். கச்சேரி பாடகர் பெயரில் நடந்தது என்பதால் அவருடைய மிருதங்கத்தை அளக்க முடியாது என்று எந்த ரசிகரும் சொன்னதில்லை.

அப்படிக் கூடவே வருவது எது? இதைச் சொல்லாமல் விட்டால் வாதம் வெறும் பதக்கக் கணக்காகிவிடும். இரட்டையரைப் பார்க்கும் கண் இயல்பாகப் பின்களத்துக்குப் போகிறது. அங்கேதான் ஒருவர் எம்பிக் குதித்து ஸ்மாஷ் அடிக்கிறார், சத்தம் கேட்கிறது, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. கிடோ உயரம் குறைந்தவர், ஆனால் அவர் துள்ளி அடிக்கும் ஸ்மாஷ் பார்க்கப் பரவசம். ஹெந்திராவோ முன்னால், வலைக்கு அருகே, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் நிற்பார். அந்த முகம் ஆட்டம் நெடுகிலும் மாறாது. ஒளிபரப்பாளர்களுக்கு இது ஒரு தொல்லையாகவே இருந்திருக்கும். ஆனால் ஸ்மாஷ் அடிக்க வாகாக இறகு உயர எழ வேண்டும், எதிரணி அதை உயரத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அவர்களாக விரும்பித் தூக்க மாட்டார்கள். வேறு வழி இல்லாத இடத்துக்கு அவர்களைத் தள்ளுவது முன்களத்துக்காரரின் வேலை. இறகு வலையைத் தாண்டிய நொடியில் குறுக்கே புகுந்து தட்டுவது, எதிராளிகள் இருவருக்கும் நடுவே யார் எடுப்பது என்ற குழப்பம் வரும் இடத்தில் மெல்லத் தள்ளிவிடுவது, அடிக்கப்போவதுபோல் மட்டையை நீட்டிவிட்டுக் கடைசிக் கணத்தில் வேகத்தை எடுத்துவிடுவது. இதெல்லாம் நடந்து முடிந்தபின் பின்னால் இருப்பவர் ஸ்மாஷ் அடிக்கிறார். புள்ளி அவர் கணக்கில் போகிறது.

இதில் சர்வீஸுக்கு ஒரு தனி இடம் உண்டு. ஒற்றையர் களத்தின் அகலம் 5.18 மீட்டர், இரட்டையருக்கு 6.10. ஆனால் இரட்டையரில் சர்வீஸ் விழ வேண்டிய பரப்பு பின்பக்கத்தில் 76 சென்டிமீட்டர் குறைவு. ஆகவே உயரமாகத் தூக்கிப் போடும் சர்வீஸ் அங்கே ஆபத்து. எதிராளி முன்கோட்டை ஒட்டி, பாய்வதற்குத் தயாராக நிற்பார். இறகு வலையை உரசுவதுபோல் கடந்து, தாண்டியதும் தாழ வேண்டும். ஒரு விரல் உயர்ந்தால் அந்தப் புள்ளி போய்விடும். 2006-இல் ஆட்ட விதி மாறியபோது இதன் மதிப்பு கூடியது. முந்தைய 15 புள்ளி முறையில் சர்வீஸ் போடும் அணிதான் புள்ளி பெற முடியும். சர்வீஸ் தவறினால் சர்வீஸ் உரிமை போகும், எதிரணிக்குப் புள்ளி சேராது. போதாததற்கு இரட்டையரில் இரண்டாவது ஆளுக்கும் சர்வீஸ் வாய்ப்பு இருந்தது. 21 புள்ளி முறையில் ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி உண்டு, இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ராலியின் முதல் மூன்று நான்கு அடிகளே ஆட்டத்தைத் தீர்மானிக்கும் நிலை வந்தது. அந்த அடிகளில் தவறு செய்யாதவர், எதிராளி எங்கே சாய்ந்து நிற்கிறார் என்று சர்வீஸுக்கு முன்பே படித்துவிடுபவர், ஹெந்திரா. விதி மாறிய மறு ஆண்டே அவருடைய முதல் உலகப் பட்டம் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தத் திறமையை ஒற்றையர் ஆட்டத்தில் தேடினால் கிடைக்காது, அங்கே அதற்குத் தேவையே இல்லை. ஒற்றையரின் அளவுகோலை வைத்து அளந்துவிட்டு இங்கே ஒன்றும் இல்லை என்பது அளவுகோலின் குற்றம்.

எதிர்த்தரப்புக்கு இங்கே ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ரியோ ஒலிம்பிக்கில் ஹெந்திராவும் அஹ்சானும் குழுச் சுற்றிலேயே வெளியேறினார்கள். பிறகு ஹெந்திரா வேறு துணைகளைத் தேடினார். 2017-இல் மலேசியாவின் டான் பூன் ஹியோங்குடன் ஆடினார். 2010 ஆசிய விளையாட்டு இறுதியில் கூ கியென் கியாட்டுடன் சேர்ந்து ஹெந்திராவையும் கிடோவையும் கடைசிவரை திணறடித்தவர் இந்த டான். இரண்டு பெரிய பெயர்கள் சேர்ந்தும் பெரிய பட்டம் எதுவும் வரவில்லை. ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதிவரை போனதுதான் மிச்சம். தனித்திறமை இருந்தால் யாரோடு ஆடினாலும் வென்றிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். ஒற்றையரில் ஆடுகிறவரும் பயிற்சியாளரை மாற்றினால், காயம் பட்டால், வயது ஏறினால் தோற்கிறார். அவருடைய திறமை பொய் என்று யாரும் சொல்வதில்லை. துணையோடு இசையப் பல மாதங்கள் வேண்டும், சிலரோடு இசையவே இசையாது. 2022 தாமஸ் கோப்பை இறுதியில் இந்தோனேசியா அஹ்சானையும் கெவின் சஞ்சயாவையும் சேர்த்து நிறுத்தியது. ஒருவர் மூன்று முறை உலக சாம்பியன், மற்றவர் மார்க்கஸ் கிடியோனோடு நெடுங்காலம் உலகின் முதலிடத்தில் இருந்தவர். கையில் வந்த மேட்ச் பாயின்ட்களையும் நழுவவிட்டு, 18-21, 23-21, 21-19 என்று சாத்விக், சிராக் ஜோடியிடம் அவர்கள் தோற்றார்கள். இது எதைக் காட்டுகிறது? இருவர் திறமையைக் கூட்டினால் ஜோடியின் திறமை வந்துவிடாது என்பதைத்தான். அப்படியானால் இசைந்து ஆடுவதே ஒரு திறமை. இரண்டு வெவ்வேறு ஆட்களோடு அதை உலகத் தரத்தில் செய்து காட்டுபவரிடம் அது நிச்சயம் இருக்கிறது. எல்லோரோடும் செய்ய முடியவில்லை என்பது அந்தத் திறமை எவ்வளவு அரிது என்பதற்குச் சான்று, இல்லை என்பதற்கு அல்ல.

இன்னொரு மறுப்பு வயதைப் பற்றியது. லின் டான் ஹெந்திராவைவிட ஒரு வயதுக்கும் குறைவாகவே மூத்தவர். அவருடைய கடைசி உலகப் பட்டம் 2013-இல். ஹெந்திராவோ 2019-இல் பாசலில், தன் 35-ஆம் பிறந்தநாளன்றே, ஜப்பானின் தகுரோ ஹோகி, யூகோ கோபயாஷி ஜோடியை 25-23, 9-21, 21-15 என்று வென்று நான்காவது பட்டம் எடுத்தார். 2022-இலும் உலக சாம்பியன்ஷிப் இறுதியில் ஆடினார், 2023-இல் 38 வயதில் ஆல் இங்கிலாந்து இறுதியில் ஆடினார். இரட்டையர் உடலுக்கு லேசான ஆட்டம் என்பதால்தானே இது சாத்தியம் என்கிறார்கள். ஓட வேண்டிய தூரம் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளலாம். முப்பத்தைந்தில் ஹெந்திரா ஒற்றையர் ஆடியிருந்தால் மூன்று கேம் தாங்கியிருக்க மாட்டார் என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் தூரம் குறைந்த இடத்தில் அவகாசமும் குறைகிறது. எதிரே நிற்பவர்கள் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்கள், அவர்களின் கை வேகம் கூடுதல். லேசான ஆட்டம் என்றால் எல்லா இரட்டையர் ஆட்டக்காரர்களும் அந்த வயதுவரை வென்றுகொண்டிருக்க வேண்டும். வெல்லவில்லை, பெரும்பாலோர் முப்பதைத் தாண்டியதும் மங்கிவிடுகிறார்கள். அதே 2019-இல் ஆல் இங்கிலாந்து இறுதியில், காலில் காயத்தோடு, ஆரோன் சியா, சோ வூய் யிக் ஜோடியிடம் முதல் கேமை 11-21 என்று விட்டுவிட்டு அடுத்த இரண்டையும் வென்றதைப் பார்த்தவர்கள், ஓட முடியாத ஒருவர் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்று கண்டார்கள்.

மக்கள் ஒற்றையரைத்தான் விரும்புகிறார்கள், புகழும் பணமும் அதன் பின்னால் போகின்றன என்ற பேச்சுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜகார்த்தாவின் இஸ்தோரா அரங்கில் ஆடவர் இரட்டையர் தொடங்கும்போது எழும் இரைச்சலைத் தொலைக்காட்சியில் கேட்டாலே போதும். 2015-இல் ஹெந்திராவும் அஹ்சானும் உலகப் பட்டம் வென்றது அந்த அரங்கில்தான். பணம் என்றால், அது மக்களின் விருப்பத்தைவிட நிர்வாகத்தின் முடிவைக் காட்டுகிறது. உலகச் சுற்றுப் போட்டிகளில் ஒற்றையர் சாம்பியனுக்கு மொத்தப் பரிசில் 7 சதவீதம், இரட்டையர் சாம்பியன் ஜோடிக்கு 7.4 சதவீதம். 12.5 லட்சம் டாலர் போட்டியில் ஒருவருக்கு 87,500 டாலர், மற்றவர்களுக்கு இருவருக்குமாக 92,500. ஆளுக்கு 46,250. மேலே பார்த்த எண்ணம் விதிப்புத்தகத்தில் ஏறிய கணக்கு இது.

தரவரிசையில் இது இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. உலக பாட்மின்டன் கூட்டமைப்பு இரட்டையரில் ஜோடிக்குத்தான் இடம் தருகிறது, ஆளுக்கு அல்ல. ஜோடி பிரிந்தால் அந்தப் பெயரும் பட்டியலிலிருந்து மெல்ல மறையும். டென்னிஸில் அப்படி இல்லை. அங்கே இரட்டையர் தரவரிசை ஆளுக்கு ஆள் தனி. அதனால்தான் 2024 ஜனவரியில், 43 வயதில், ரோகன் போபண்ணா உலகின் முதல்நிலை இரட்டையர் ஆட்டக்காரர் ஆனார் என்று நம்மால் சொல்ல முடிந்தது. டென்னிஸில் வாராவாரம் துணை மாறுவார்கள், பாட்மின்டனில் ஜோடிகள் நிலையானவை, ஆகவே தனிப் பட்டியலுக்கு அர்த்தம் இல்லை என்று வாதிடலாம். கிடோவிலிருந்து அஹ்சானுக்கும், சந்திராவிலிருந்து ஹாலிமுக்கும், சாய் யுன்னிலிருந்து ஜாங் நானுக்கும் நடந்த மாற்றங்களைப் பார்த்தபின் அந்த வாதம் நிற்காது. ஜோடிப் பட்டியல் போட்டியின் வரிசைக்கு வேண்டும், அது இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஆளுக்கு ஆள் ஒரு பட்டியல் வைப்பதில் எந்தத் தடையும் இல்லை, புள்ளிகள் ஏற்கெனவே கணக்கில் இருக்கின்றன. அப்படி ஒரு பட்டியல் இல்லாததால், இரண்டு நாடுகளின் பெயரில் உலக சாம்பியன் ஆன டோனி குணவானின் இரண்டு பட்டங்களும் சாதனை ஏட்டில் இந்தோனேசியாவின் பக்கத்தில் ஒன்றாகவும் அமெரிக்காவின் பக்கத்தில் ஒன்றாகவும் பிரிந்தே கிடக்கின்றன.